ஒன்றுக்கு இரண்டு

12-3-1962
இவருக்கு அமெரிக்காவிலிருந்து கடிதம். கப்பல் புயலில் மாட்டி, ஆள் எங்கேயென்று தெரியாமல் ஐந்து வருடம். கடிதம் மட்டும் உருத்திரபுரத்துக்கு வழி தெரிந்து வருகிறது! கப்பலில் வயர்லெஸ் வேலை பார்த்த காலத்தில், ஏதோ துறைமுகத்தில் இறங்கி, திரான்சிஸ்டர் றேடியோவுக்குள் இருக்கிற பருப்பளவு சாமானைச் செய்யும் கொம்பனியில் பங்கு வாங்கிப்போட்டவர். பெண்சாதிக்கு ஒரு சீலை வாங்க மனிசனுக்குத் தோன்றவில்லை, பங்கு வாங்கத் தோன்றியது.

கடிதத்துக்குள் புதிதாக ஒரு பங்குப் பத்திரம். பழையதும் செல்லுமாம், இதுவும் செல்லுமாம். ஒவ்வொரு பங்கும் இரண்டாகிவிட்டதாம்.

இவரின் தங்கை சிவனேஸ்வரி குசினிக்குள் அடுப்படியில் இருந்தபடி கேட்டாள், “அப்ப அண்ணை ரெண்டாயிட்டாரோ மச்சாள்?”

பகிடி என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

20-3-1962
றெயிலில் வவுனியா போய், வழக்குப் பேசும் பிரக்கிராசியார் நடராசாவிடம் பத்திரத்தைக் காட்டினேன். பணக்காரி ஆகிவிட்டேன் என்று ஒரு நப்பாசை. மனிசன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

“ஒரு தேங்காயை உடைச்சால் ரெண்டு பாதி. தேங்காய் கூடினதோ பிள்ளை? விலை ஏறி ஏறிச் சின்னச் சனத்துக்கு வாங்க ஏலாமல் போச்சுது. அதாலை பிளந்துபோட்டாங்கள். ஒவ்வொண்டும் பாதி விலை. லாபமுமில்லை, நட்டமுமில்லை.”

விற்கலாமோ என்றேன். இவர் கையெழுத்துப் போடவேண்டுமாம், அல்லது இவர் இறந்ததாகக் கோட்டில் நீதிபதி முன் சொல்லவேண்டுமாம். அதற்கும் சேதியில்லாமல் ஏழு வருடம் கழியவேண்டுமாம். இறந்ததாக நானே சொல்வதோ? வாயில் வருமோ?

வீட்டில் தேங்காய்க் கதையைச் சொன்னேன். சிவனேஸ் கவனமாகக் கேட்டுவிட்டு, “அதுதான் ரெண்டு பேரும் மெலிஞ்சு நிக்கினம்” என்றாள்.

“ஆரடி?”

“அண்ணைதான். வாய்க்காலுக்கு அங்காலை, மருத மரத்தடியிலை. முந்தி ஒராளாத்தானே நிண்டவர்.”

முந்தியோ! கப்பல் போன வருடத்திலிருந்து பொழுதுபடுகிற நேரங்களில் பார்க்கிறாளாம். நான் அழுவேன் என்று சொல்லவில்லையாம். விசரி, வாயைப் பொத்தடி என்று கத்திவிட்டேன். அவள் பாட்டுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

21-3-1962
மருத மரத்தடியில் ஒன்றுமில்லை. ஆனால் நான் ஏன் போய்ப் பார்த்தேன்?

4-6-1964
காணிக் கந்தோரிலிருந்து அதிகாரி ஐயா வந்தார். குடியேற்றத் திட்டக் காணியைத் துண்டாடக்கூடாது, ஒருவர் பெயரில்தான் இருக்கலாம். இல்லாத மனிசனின் பெயரில் இனி விட ஏலாதாம். ஏழு வருடம் கழிந்துவிட்டது, கோட்டால் முடிவு எடுத்துவந்தால் என் பெயருக்கு மாற்றுவாராம். இல்லாவிட்டால் வேறு குடும்பத்துக்கு.

“நல்லாயிருக்கு ஐயா! காடு வெட்டி வேர் கிளப்பினது நாங்கள், குடியிருக்கிறது வேறை ஆக்களோ?” என்று கேட்டுவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். காணி போனால் நானும் சிவனேஸும் எங்கே போவது?

19-6-1964
இன்னொரு பத்திரம். இரண்டும் பிளந்து நாலாம்.

சிவனேஸிடம் சொல்லவில்லை. அவளே வந்து சொல்கிறாள், “இண்டைக்கு நாலு பேர் மச்சாள். என்ரை இடுப்பளவுதான். முகம் மட்டும் அப்பிடியே அண்ணையின்ரை.”

20-6-1964
கண்டேன்.

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நாலு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வரிசையாக. எல்லாரும் எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டு. ஒருவரும் அசையவில்லை. ஓடிவந்து கதவைப் பூட்டினேன்.

குரங்காக இருக்கும். எங்கள் எட்டாம் வாய்க்கால் கரையில் குரங்குக்கு என்ன குறை?

குரங்கு இடுப்பில் சாரம் கட்டுமோ?

22-6-1964
நித்திரை இல்லை. கொம்பனி இன்னும் பிளக்கும். எட்டாகும், பதினாறாகும். மனிசன் என்ன ஆவார்? கோழிக்குஞ்சு அளவிலே, அதே முகத்தோடு, வாய்க்கால் கரையில் நின்று — ஐயோ, முருகா!

நான் போய்ச் சத்தியம் பண்ணத்தான் போகிறேன். காணிக்காகப் புருசனைச் சாகக்கொடுத்தாள் என்று சனம் கதைக்கட்டும். காணியும் வேணும்தான், ஏன் பொய் சொல்ல? ஆனால் செத்தவரின் பெயரைப் பத்திரத்திலிருந்து எடுத்துவிட்டால் அவரைப் பிறகு ஆர் பிளக்கிறது?

14-9-1964
வவுனியாக் கோட்டில் கையெழுத்துப் போட்டேன். “என் கணவர் உயிரோடு இல்லை என்று நம்புகிறேன்.” பிரக்கிராசியார் மெல்ல வாசிக்க, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். நம்பினேனோ? தெரியாது. இவர் கட்டிய தாலியைக் கழற்றிக் கைலேஞ்சியில் முடிந்தேன். றெயிலுக்குள் பொட்டை அழித்தேன். ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த பெண்ணை எனக்கு ஒரு கணம் ஆரென்று தெரியவில்லை.

சிவனேஸ் வாசல் படலையில் நின்றாள். நெற்றியைப் பார்த்தாள். தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். பிறகு இரண்டு பேரும் குசினிக்குள் இருந்து அழுதோம்.

2-3-1965
காணி என் பெயரில். பங்கும் என் பெயரில். மருத மரத்தடியில் ஒருவருமில்லை, சிவனேஸும் ஓம் என்கிறாள். போய்ச் சேர்ந்துவிட்டார். இனி நிம்மதி.

அவள்தான் அந்தப் பக்கம் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள்.

16-8-1966
கொம்பனிக் கடிதம். மறுபடியும் ஒன்றுக்கு இரண்டு. பத்திரத்தில் என் பெயர்: இரஞ்சிதம். இப்போதெல்லாம் தேங்காய்க் கதை எனக்கும் விளங்கும், லாபமுமில்லை, நட்டமுமில்லை. அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

17-8-1966
நெல் அரிவு வெட்டு. விடியத்தொடக்கம் வயலில். களைத்துப்போய் வந்து படியில் கால் வைக்கிறேன், சிவனேஸ் கேட்கிறாள்:

“என்ன மச்சாள், திரும்பி வந்திட்டியள்? இப்பதானே தேத்தண்ணி குடிச்சிட்டு வெளிக்கிட்டனீங்கள்.”

மேசையில் பாதிக் கோப்பைத் தேத்தண்ணி. தொட்டுப் பார்த்தேன், சூடு ஆறவில்லை.

நான் வயலில் நின்றேன் என்று சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இவ்வளவு நாளும் பெருமூச்சு விட்டவளுக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

“அப்ப அது மற்றவா. நல்லாச் சிரிச்சுக் கதைச்சவா. அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு வாய்க்கால் பக்கம் போனவா. என்ன வடிவு மச்சாள்! பொட்டு வைச்சிருந்தவா, தாலியும் கிடந்தது.”

பயந்திருக்கவேண்டும். எனக்குப் பொறாமைதான் வந்தது.

கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, மற்றவள் விட்டுப்போன மிச்சத்தைக் குடித்தேன்.