வட்டிலப்பக் கடையின் முதல் போணி

ஐப்பசி 9, ஞாயிறு

விடியும்போதே சாரல். பால் வாங்கப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பழைய ரைஸ் மில் களத்தில் பந்தல், பாட்டு, கூட்டம். ஞாயிறுதோறும் இப்படித்தான். யார் வீட்டுக் கல்யாணமோ, அழைக்காத இடத்தில் எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று இத்தனை நாளும் எதிர்ப்பக்கமாகவே நடந்திருக்கிறேன். எழுத்துப் படிக்க முதியோர் வகுப்பில் சேர்ந்த பிறகு சுவர், பலகை எதையும் வாசிக்காமல் விடுவதில்லை. இன்று பந்தல் வாசலில் கட்டிய துணியையும் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். 'ஞாயிறு சந்தை. கைவினைப் பொருள், வீட்டுப் பலகாரம். அனைவரும் வருக.'

அனைவரும் என்றால் நானும்தான். பால் தூக்கோடு நுழைந்துவிட்டேன்.

வாசித்தவை: மூங்கில் கூடை. போடி ஏலக்காய் மாலை. பெரியகுளம் மாங்காய் வத்தல். சூடான பருத்திப்பால். மரப்பொம்மை (கோம்பை நாய், காது விறைத்து நிற்கிறது, குரைக்காததுதான் பாக்கி). கம்பத்தில் பிறந்து கம்பத்திலேயே கிழவனானவன், இப்படி ஒரு சந்தை இருப்பது தெரியாமல்!

கடைசி மூலையில் முக்காடு போட்ட ஒரு பெண், மூடி போட்ட பெரிய சட்டி. அட்டையில் நீளமாக எழுதியிருந்தது. விடவில்லை. 'உத்தமபாளையம் மும்தாஜ் வீட்டு வட்டிலப்பம். தேங்காய்ப்பால், முட்டை, கருப்பட்டி.' நான் சத்தமாக வாசித்து முடிப்பதற்குள் அவள் ஒரு துண்டு வெட்டி வாழையிலையில் வைத்து நீட்டிவிட்டாள்.

"பிஸ்மி சொல்லித் தாரேன். மொத போணிய்யா, வாங்கிக்கங்க."

சட்டைப் பையைத் தடவினேன். பால்காரரிடம் கொடுத்ததோடு காலி.

"இல்ல ஆத்தா... நான் சும்மா வாசிக்கத்தான் வந்தேன்."

அவள் முகம் போன போக்கை எழுத எனக்கு இன்னும் எழுத்து போதாது. அன்றைய முதல் வியாபாரத்துக்கு நீட்டிய கையைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பக்கத்துக் கடை மரப்பொம்மைக்காரர் கத்தினார்: "ஏ பெருசு! போணி நேரத்துல வந்து வாசிச்சிட்டுப் போக இது என்ன லைப்ரரியா?"

வீட்டுக்கு ஓடிக் காசு எடுத்துத் திரும்புவதற்குள் மழை வலுத்துவிட்டது. கூட்டம் இல்லை. சட்டிக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தாள். "வேணாங்கய்யா, கட்டிட்டேன்" என்றாள். பிறகு பொம்மைக்காரரிடம், நான் நிற்பதை மறந்தவள்போல: "வந்த மொத நாளே இப்படியாண்ணே? அடுத்த வாரமும் இப்படின்னா நான் இந்தப் பக்கமே வரலை."

ஐப்பசி 10, திங்கள்

மழை விட்டது. மனசு விடவில்லை. வகுப்புக்குப் போகவில்லை.

நடந்ததை மனைவி பேச்சியம்மாளிடம் சொல்லியிருக்கக் கூடாது. (முழுப் பேரையும் எழுதி முடிப்பதற்குள் அவளே கூப்பிட்டுவிடுகிறாள். இனி பே.)

பே. சொன்னது: "ஊருக்கெல்லாம் மொதக் கொடி நட்ட கையின்னு பீத்திக்குவீக. இப்ப ஒரு பொம்பளையோட மொத போணியக் கெடுத்துட்டு வந்து நிக்கிறீக."

உண்மைதான். இந்தப் பக்கம் யார் திராட்சைத் தோட்டம் போட்டாலும் முதல் கொடியை என்னை நடச் சொல்வார்கள். கைராசிக்காரன் என்று பேர். நான் நட்ட கொடி பட்டுப்போனதில்லை. அதே கைதானே இது.

கோழிக்குக் குருணை தீர்ந்துவிட்டது.

ஐப்பசி 12, புதன்

சோறு இறங்கவில்லை. மில் களத்துப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. மரப்பொம்மை அல்ல.

உத்தமபாளையம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். மும்தாஜ் வீட்டைத் தேடிப் போய் என்ன சொல்வது? உன் போணியைக் கெடுத்தவன் வந்திருக்கிறேன் என்றா? அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்து வந்தேன். பஸ்ஸில் வாசித்தது: 'படியில் நிற்காதே.' படியில்தான் நின்றிருந்தேன்.

வாங்க வேண்டியது: குருணை. பே. முட்டிக்குத் தைலம்.

ஐப்பசி 15, சனி

வெயிலும் மேகமும் மாறி மாறி. என்னைப்போல.

நாளை வெள்ளெனப் போய் நானே போணி செய்துவிடுவது என்று பே.யிடம் சொன்னேன்.

"போன வாரம் ஆகாத கை இந்த வாரம் மட்டும் ஆகுமாக்கும்? உங்களக் கண்டாலே அந்தப் புள்ள சட்டிய மூடிரும்."

"அப்ப நீ வா. உன் கையால வாங்கு."

"முட்டையப் போட்டு இனிப்பா? கவுச்சி அடிக்கும். நான் வரலை."

சாயங்காலம் பார்த்தால் நல்ல சேலையைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மாறிவிடுவாள்.

ஐப்பசி 16, ஞாயிறு

மேகம். மழை இல்லை. பே.யும் நானும்.

மும்தாஜ் வந்திருந்தாள். அப்பாடா. ஆனால் என்னைக் கண்டதும் அவள் கை சட்டி மூடிக்குப் போனது.

"அய்யா, கோவிச்சுக்காதீக. போணி ஆகட்டும். செத்த தள்ளி நில்லுங்க."

பந்தலுக்கு வெளியே போய் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். எதிர்ச் சுவரில் 'இங்கு வண்டி நிறுத்தாதீர்'. திரும்பத் திரும்ப அதையே வாசித்தேன். காது மட்டும் உள்ளே. பே. பேசினால் சுருளி அருவிக்கே கேட்கும்.

"இம்புட்டூண்டுக்கு இம்புட்டுக் காசா? கவுச்சி அடிச்சா காசு கெடையாது, இப்பவே சொல்லிப்புட்டேன்."

அடிப்பாவி, போணியில் பேரமா!

பிறகு சத்தமே இல்லை. வாயில் ஏதாவது இருந்தால்தான் பே. பேசாமல் இருப்பாள்.

"ஏத்தா, முட்டை வாடையே இல்லையே!"

"ஏலக்கா தட்டிப் போட்டிருக்கேம்மா."

"ம். நல்லாத்தான் இருக்கு. இந்தா, காசப் பிடி."

நல்லாத்தான் இருக்கு! மருமகள் குழம்புக்குச் சொன்னதில்லை. சம்பந்தி வீட்டு விருந்துக்குச் சொன்னதில்லை. மதுரை ஓட்டலில் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தவள். கூடைக் கடையில் நின்ற எங்கள் தெருப் பெண்களுக்கும் கேட்டுவிட்டது.

"அடியே, பேச்சியக்காளே நல்லாருக்குன்னு சொல்லிருச்சு! எனக்கு ஒண்ணு குடுங்க."

"எனக்கு ரெண்டு, வீட்டுக்கு."

நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்துக் கெடுத்துவிட்டால்? கடைசியில் பொம்மைக்காரர்தான் கூப்பிட்டார். "ஏ பெருசு, செவுத்தப் பாத்தது போதும். உள்ள வா!"

ஓடினேன். சட்டி காலி. ஓரத்தில் ஒட்டியிருந்ததைப் பே. சுரண்டித் தின்றுகொண்டிருந்தாள். எனக்கு ஒரு விரல்கூடத் தரவில்லை.

மும்தாஜ் சிரித்தாள். "அடுத்த வாரம் ரெண்டு சட்டி கொண்டாரேன். மொத ஆளா வந்துருங்கய்யா. உங்க கையாலதான் போணி."

"என் கையாலயா ஆத்தா?"

"பின்ன? காசோட வாங்க."

ஐப்பசி 17, திங்கள்

நல்ல வெயில். பையில் காசு போட்டுச் சட்டையை ஆணியில் மாட்டியிருக்கிறேன். துவைக்க வேண்டும் என்று பே. எடுத்தாள். பிடுங்கித் திரும்ப மாட்டிவிட்டேன். வெளியே போனேன், வந்தேன். பையைத் தட்டிப் பார்த்தேன், குலுங்குகிறது. மறுபடி போனேன், வந்தேன்.

இன்னும் திங்கட்கிழமைதான்.