கொள்ளுத் தூசிக்கு அடைத்த துணி

பாய்,

போன ஞாயிற்றுக்கிழமை நம்ம புளியந்தோப்புக்கு எதிரே ஒரு பழைய கார் வந்து நின்றது. மலை சுற்றிப் பார்க்க வந்த புருஷனும் பெண்சாதியும். பின்னால் கரிப்புகை. இறங்கியவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். எரியாத பெட்ரோல் வாடை என் வாசல் வரைக்கும் எட்டியது. போகாமல் வீட்டுக்குள் இருந்திருக்கலாம். போனேன். பானெட்டைத் தூக்கியதும் என் கை முதலில் ஏர் ஃபில்டருக்குத்தான் போனது. அதில் ஒன்றும் இல்லை. கார்புரேட்டரின் மிதவையில்தான் ஓட்டை. அடைத்து அனுப்பினேன். அந்த மனுஷன் என்னைப் பெரிய கைகாரன் என்று புகழ்ந்துவிட்டுப் போனார். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன், வாடை போகவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் வாணியம்பாடிக்குக் கிளம்பினேன், உங்கள் வீட்டுக்கு, பாபியைப் பார்க்க. நான்கு வருஷமாகத் தள்ளிப்போட்ட பயணம் அது.

எதற்குப் போனேன் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா என்பதுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

தை பிறந்தால் நீங்கள் புளி குத்தகைக்கு மரம் பார்க்க மலையேறி வருவீர்கள். எந்தப் புளியமரம் எவ்வளவு கொடுக்கும் என்று அண்ணாந்து பார்த்தே கணக்குச் சொல்வீர்கள், பாதி தப்பாகிப்போகும். வாய்விட்டுச் சிரித்தால் கோபம் வேறு வரும். ஆனால் எஞ்சினில் நீங்கள் சொன்னது தப்பியதில்லை. வியாபாரத்துக்கு வருமுன் தோல் மண்டிக்காரர் ஒருவரின் காரைப் பத்து வருஷம் ஓட்டியவர் அல்லவா. என் வெள்ளை அம்பாசடரை நான் ஓட்டியதைவிட நீங்கள் கழற்றி மாட்டியதுதான் அதிகம்.

அந்த முதல் வருஷம் ஞாபகம் இருக்கிறதா? வண்டி கறுப்பாகப் புகைந்தது, சூடானதும் ஏற்றத்தில் திணறி நின்றது, பெட்ரோலைத் தண்ணீராய்க் குடித்தது. மரம் பார்க்க வந்த நீங்கள் மரத்தை மறந்துவிட்டு இரண்டு நாள் என் களத்துமேட்டில் குந்திக்கொண்டீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் விளக்குக்கரி மாதிரி கறுப்பு. பெட்ரோல் அதிகம், காற்று கம்மி என்றீர்கள். சோக் முழுசாகத் திறக்கிறதா என்று பார்த்தீர்கள், திறந்தது. மிதவையைக் கழற்றிக் காதோரம் வைத்து ஆட்டினீர்கள், வெந்நீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தீர்கள், வரவில்லை. ஊசி வால்வை மாற்றினீர்கள். ஜெட்டை ஊதினீர்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் மூடாமலே வண்டியை உறுமவிட்டால் சுத்தமாக ஓடும். எல்லாவற்றையும் மூடி மாட்டி ஒரு சுற்றுப் போய்வந்தால் மறுபடி புகை. நீங்கள் சாப்பாட்டைக்கூடத் தொடவில்லை. என் வீட்டுக்காரி உங்களைவிட அந்தக் காரைத்தான் அதிகம் திட்டினாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம்தான் உங்களுக்குப் பொறி தட்டியது. திறந்து வைத்தால் ஓடுகிறது, மூடினால் புகைகிறது. அப்படியென்றால் குற்றம் மூடியில். கார்புரேட்டருக்கு மூடி மாதிரி உட்கார்கிற ஏர் ஃபில்டர் குடுவையைத் திருப்பி, காற்று நுழைகிற குழாயில் விரலை விட்டீர்கள். உள்ளேயிருந்து என் பழைய வேட்டித் துண்டு வந்தது.

அது நான் அடைத்ததுதான். இங்கே எல்லாரும் செய்வதுதான். தை மாசி மாசத்தில் பிடுங்கிய கொள்ளுச் செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவோம், போகிற வண்டிகள் மிதித்தே மணி உதிரும். அந்தத் தூசி வண்டிக்குள் போனால் எஞ்சினை அரித்துவிடும் என்று டிராக்டர்காரன், ஜீப்புக்காரன் எல்லாரும் காற்றுக் குழாயில் துணியை வைத்துக் கட்டுவார்கள், கொள்ளு முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். நான் வைத்தேன், எடுக்கவில்லை. அவ்வளவுதான்.

"இன்னா காளி, மூக்க அடைச்சுட்டு மலையேறச் சொல்றியே. இங்க இருக்கற காத்தே கம்மி. அதையும் அடைச்சா அது பெட்ரோலத்தான் குடிக்கும்" என்று அந்தத் துணியாலேயே என் தோளில் அடித்தீர்கள். தூசி போனால் ஃபில்டரை மாற்றிக்கொள்ளலாம், இனிமேல் துணி வைக்க மாட்டேன் என்று சொல்லு என்றீர்கள். சொன்னேன். எல்லாரும் சிரித்தோம்.

அடுத்த தை வந்தது. நம்ம ஊர் நுழைகிற இடத்தில் அரை மைலுக்குக் கொள்ளு பரப்பியிருந்தார்கள். புது ஃபில்டர் போட்டிருந்தேன். ஒரு நாள்தானே, அந்தத் தூசியைத் தாண்டியதும் எடுத்துவிடலாம் என்று மறுபடி துணியை அடைத்தேன். சொன்ன வாக்கு ஞாபகம் இருந்தது பாய். மறந்து செய்யவில்லை. நீங்கள் வருவதற்குள் எடுத்துவிட்டால் உங்களுக்குத் தெரியவா போகிறது என்றுதான் செய்தேன். எடுப்பதைத்தான் மறந்தேன். இரண்டு நாள் கழித்து நீங்கள் பஸ்ஸில் காவலூர் வந்து இறங்கினீர்கள், நான் பைக்கில் போய் அழைத்துவந்தேன். அதனால் வண்டியின் புகை உங்கள் கண்ணில் படவில்லை.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். நான்காவது மரத்தடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. அங்கே போனில் டவர் இல்லை. உங்களைக் காரின் பின்சீட்டில் படுக்கவைத்து ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். காவலூருக்கு முன்னால் உள்ள ஏற்றத்தில் வண்டி கரியைக் கக்கிக்கொண்டு நின்றது. இறக்கமாக இருந்திருந்தால் நியூட்ரலில் உருட்டியே இறங்கியிருப்பேன். அது ஏற்றம். வந்த ஒரே பைக்கை மறித்து, காவலூரில் ஏதாவது வண்டி பிடித்துவரச் சொல்லி அனுப்பினேன்.

பிளக்கைக் கழற்றினேன், பெட்ரோலில் நனைந்திருந்தது. துடைத்து மாட்டினேன். உறுமி, இருமி, நின்றது. மறுபடி கழற்றினேன், துடைத்தேன். மூன்று தடவை. அவசரத்தில் ஒரு பிளக் கீழே விழுந்து உருண்டு ஓடி, அதைத் தேடி எடுக்கவே நேரமாயிற்று. மிதவையோ ஊசியோ என்று கார்புரேட்டரையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். துணி என் புத்திக்கு வரவே இல்லை. சத்தியமாக வரவில்லை.

அப்போதுதான் பின்சீட்டிலிருந்து உங்கள் குரல் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டீர்கள்.

"காளி, காத்து பாத்தியா?"

ஒரு நொடியில் எல்லாம் ஞாபகம் வந்தது. "பாத்துட்டேன் பாய்" என்றேன். நெஞ்சுவலியில் சாகக் கிடக்கிற மனுஷனிடம், மானத்துக்குப் பயந்து பொய் சொன்னவன் நான். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். தூக்கிய பானெட் மறைத்துக்கொண்டிருக்க, துணியைப் பிடுங்கி இடுப்பில் செருகினேன். அடுத்த சாவியிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. முக்கால் மணி நேரம் அந்த ஏற்றத்தில் போயிருந்தது, காவலூரிலிருந்து அதுவரை எந்த வண்டியும் வரவில்லை.

அதற்கப்புறம் நீங்கள் பேசவில்லை. ஆலங்காயத்தில் நாடி பார்த்த டாக்டர், கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

பாபி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, கடைசியாக என்ன பேசினார் என்பது. காற்றைப் பற்றிக் கேட்டார் என்று எந்த வாயால் சொல்வேன்? "உங்களத்தான் கேட்டாரு, சக்கர மாத்திர போட்டீங்களான்னு கேட்டாரு" என்று பாபியிடம் சொல்லிவிட்டேன். அவர் முகத்தை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம், கூடப் பிறந்தவன் மாதிரி காளி அண்ணன்தான் கொண்டுவந்து சேர்த்தார் என்று அழுதார். வருஷா வருஷம் நோன்பு மாசத்தில் பேரீச்சம்பழம் ஒரு பெட்டி கட்டி, காவலூர் பஸ்ஸில் கொடுத்தனுப்புவார். அதை நான் ஒரு தடவைகூட வாயில் வைத்ததில்லை. பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு எங்காவது எழுந்து போய்விடுவேன்.

போன திங்கட்கிழமை பாபியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி, வாக்கு, ஏற்றம், நீங்கள் கேட்டது, நான் சொன்ன பொய். ஒன்றையும் விடவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்திருந்தேன். எவ்வளவு சுயநலம் பாருங்கள்.

"நாலு வருசமா உங்களுக்கு துவா செஞ்சேனே" என்றார். பிறகு, "சொல்லிட்டு நீங்க லேசாய்ட்டீங்க. நான் இத எங்க எறக்கி வெப்பேன்?"

எழுந்தேன். வாசலில் செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து கேட்டார்.

"மாத்திர போட்டேனான்னு கேட்டாருன்னு சொன்னீங்களே. அதுவும் பொய்யா?"

உண்மையைச் சொல்லத்தான் அத்தனை தூரம் போயிருந்தேன் பாய். அந்த வீட்டில் ஜன்னலோரம் மாத்திரை டப்பா இருந்தது. வேளை தவறாமல் போடுகிறவர் என்பது பார்த்தாலே தெரிந்தது. யார் சொல்லுக்காகப் போடுகிறார் என்பதும் தெரிந்தது.

"இல்ல பாபி. அது நெசம்" என்றேன்.

இனிமேல் இங்கே வராதீங்க என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்திய பிறகுதான் அழுகை கேட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். லேசாகவெல்லாம் ஆகவில்லை.

காத்து பாத்தியா என்று நீங்கள் கேட்டது தெரிந்து கேட்டதா, வழக்கமாகக் கேட்டதா என்பதை இனி எனக்கு யாரும் சொல்லப்போவதில்லை. அதை நான் சுமந்தே தீர வேண்டும், சுமக்கிறேன். எனக்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்பது வேறு ஒன்று. என்றைக்காவது பாபி அங்கே வந்து, மாத்திரையைப் பற்றிக் கேட்டீர்களா என்று உங்களை நேரில் கேட்பார். கேட்டேன் என்று சொல்லிவிடுங்கள் பாய்.

காளி