முத்திரை ஒட்டிய மூன்றரைக் கிராம்

அஜின்கோர்ட், ரொறன்ரோ
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் விதுர்சனுக்கு,

மாமாங்கப் பிள்ளையார் துணையால் நானும் அப்பாவும் அக்கா நிருஜா வீட்டாரும் சுகம், உன்னுடைய சுகத்தைத்தான் எந்த நேரமும் நினைத்தபடி இருக்கிறோம். நீ சுரங்க வேலை செய்கிற யெலோநைஃபில் மைனஸ் முப்பத்தைந்து என்று செய்தியில் சொன்னால் அப்பா இங்கே சோபாவில் இருந்து தன்னுடைய போர்வையை இழுத்து மூடுகிறார். இந்தக் காலத்தில் ஏன் அம்மா கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் இந்தக் கதையை எடுத்தால் அம்மா சிக்னல் இல்லை என்கிறாய், சிக்னல் இல்லாதவன் எப்படி மனே அதைச் சொல்லுகிறான் என்று நான் கேட்பதற்குள் வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் வைக்க முடியாது, சாமான்களோடு சேர்ந்து வந்து உன் மேசையில் கிடக்கும். பார்சலில் மிளகாய்த்தூள், அரிசிமாப் பைகள், நெத்தலிக் கருவாடு, அப்பா பின்னி முடித்ததாகச் சொல்லுகிற ஆனால் அக்கா முடித்துக்கொடுத்த கம்பளித் தொப்பி எல்லாம் இருக்கின்றன. கருவாட்டை மற்றப் பெடியன்கள் இருக்கிற நேரம் பொரிக்காதே, உன்னை வெளியே தள்ளிவிடுவார்கள்.

இனி விசயத்துக்கு வருகிறேன். எங்கள் பிளாசாவில் மூலைக்கடை, முன்பு தையல்காரர் இருந்தாரே, அது இப்போது அரசாங்க லைசென்ஸோடு கஞ்சாக் கடை. யாருடைய கடை என்று நினைக்கிறாய்? குலசிங்கம் அண்ணையின் மகன் துஷாந்தின் கடை. உன்னோடு ஒரே வகுப்பில் படித்து ஒரே டீமில் பந்து போட்ட அதே துஷாந்த். எனக்குப் பொறாமை என்று அப்பா சொல்லுகிறார். ஓம், பொறாமைதான், அதை ஏன் மறைக்க வேண்டும்? வானில் மரக்கறி ஏற்றி வெக்ஸ்போர்ட் அபார்ட்மென்ட் வாசல்களில் விற்றுத் தொடங்கியவள் நான், இவ்வளவு வருடமாக விடியமுதல் எழும்பிச் சந்தைக்குப் போகிறேன், இன்னும் என் கத்தரிக்காய் அழுகுகிறது, முருங்கைக்காய் வாடுகிறது. அவனுடைய சாமான் வாடாது, வண்டு விழாது, பத்து மணிக்குக் கடை திறந்தால் சனம் வரிசையில் நிற்கிறது. நான் வாசலில் கருவாட்டுப் பெட்டி வைத்தால் மணக்கிறது என்று நோட்டீஸ் அனுப்பிய பிளாசா முதலாளி, அந்தக் கடை வாசலில் வருகிற மணத்துக்கு மூக்கைக்கூடச் சுளிக்காமல் உள்ளே போய்க் கைகுலுக்கி வருகிறார். பனி தள்ளுகிறவன் முதலில் அந்தக் கடைக்கு முன்னால்தான் தள்ளுகிறான். இதையெல்லாம் என் கல்லாவில் இருந்தே பார்க்கலாம், பார்க்காமல் இருக்கத்தான் முடியவில்லை.

குலசிங்கம் அண்ணை முன்பு என்ன சொல்லித் திரிந்தவர் என்று உனக்கும் தெரியும். சட்டம் மாறுவதற்கு முன் உன்னைப் பொலிஸ் கஞ்சாவோடு பிடித்த பிறகு கோயில் மடத்தில் நின்று, கஞ்சாக்காரப் பெடியளோடை என்ர மகன் சேரமாட்டான் என்று என் காது கேட்கச் சொன்னவர். அதே வாய் இப்போது என்னிடம், தங்கச்சி உது இப்ப பிஸ்னஸ், அரசாங்கமே வரி எடுக்குது, நீங்கள் இன்னும் பழைய காலத்திலை நிக்கிறியள் என்கிறது. நான் வெங்காயத்தை நிறுத்தபடி, அண்ணை நான் பழைய காலத்திலை நிக்கேல்லை, என்ர மகனைத்தான் அங்கை நிப்பாட்டி வைச்சிருக்கிறாங்கள் என்றேன். அவர் வெங்காயத்தை வாங்காமலே போய்விட்டார். போகட்டும்.

தைப்பொங்கல் கழிந்து கடை திறந்தார்கள். ஐயர் வந்து பூசணிக்காய் வெட்டினார், வயது வராத பிள்ளைகள் உள்ளே போகக் கூடாது என்பதால் மருமக்கள் பேரப்பிள்ளைகள் எல்லாம் பட்டுச் சட்டையோடு பனியில் வெளியே நின்றார்கள், துஷாந்தின் அம்மா கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற மாதிரிச் சேலை கட்டி எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தா. என்னுடைய கை ராசி என்று இந்தப் பிளாசாவில் ஒரு பேச்சு இருக்கிறது அல்லவா, போன் கடை, கேக் கடை, நகைக்கடை எல்லாவற்றுக்கும் முதல் வியாபாரம் நான்தான் செய்தேன், எல்லாரும் வியாபாரத்தில் எழும்பிவிட்டார்கள். துஷாந்த் நேரே என் கடைக்கு வந்து, அன்ரி நீங்கள்தான் முதல் வியாபாரம் செய்யவேணும், வராட்டில் திறக்கமாட்டன் என்று நிற்கிறான். போகாமல் இருந்தால் பொறாமை என்று ஊர் சொல்லும், போனால் என் கை ராசியை அவனுக்குக் கொடுத்த மாதிரி. அப்பா போகச் சொன்னார். போனேன்.

உள்ளே நகைக்கடை மாதிரி வெளிச்சம். அன்ரி சும்மா ஒரு லைட்டர் எடுங்கோ, காணும் என்றான் துஷாந்த். எனக்கு அது சரிப்படவில்லை. கேக் கடையில் கேக், நகைக்கடையில் ஒரு சின்ன மூக்குத்தி, அப்படித்தான் நான் முதல் வியாபாரம் செய்கிறவள், கடையின் சாமானைத் தொடாமல் லைட்டர் வாங்கிக்கொண்டு போவது செய்த மாதிரியும் இல்லை, செய்யாத மாதிரியும் இல்லை. தம்பி, மூன்றரைக் கிராம் தா என்றேன். கோர்ட்டில் உன் பெயருக்குப் பின்னால் வாசித்த அளவு. அவனுடைய கை நின்றுவிட்டது. பின்னால் ஐயர் வேட்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, நேரம் போகுது என்று சொல்லுகிறார். துஷாந்த் குனிந்து மெல்ல, அன்ரி, விதுவைப் பொலிஸ் பிடிச்ச அண்டைக்கு அவனோடை நானும் அந்தக் காரிலை வரவேண்டியவன், அம்மா என்னைப் பிடிச்சுக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போயிட்டா என்றான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவன் இப்படிப்பட்டவன், மனிதரை ஒழுங்காகப் பொறாமைப்படவும் விடமாட்டான். அதனால் என் எரிச்சல் எல்லாம் அந்த நிமிடத்தில் அவனை விட்டு அவனுடைய அம்மாவிடம் போய்விட்டது. அண்டைக்கு அவ பிள்ளையைக் கோயிலுக்கு இழுத்தா, நான் இங்கே வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். அவனுக்குக் கடை, உனக்குச் சுரங்கம்.

வீட்டுக்கு வந்து அந்தச் சின்னப் பையை மேசையில் வைத்துப் பார்த்தேன். அப்பா எழும்பி யன்னல் திரையை இழுத்துவிட்டார், சட்டப்படி வாங்கின சாமானுக்குத் திரை என்னத்துக்கு என்று கேட்டேன், பழக்கதோசம் என்றார். பையில் அரசாங்கத்தின் வரி முத்திரை ஒட்டியிருக்கிறது மனே. விரல்நகத்தளவுதான். ரசீதில் விற்பனை வரி வேறு. ஒரே செடி, ஒரே நிறை. முத்திரை இருந்தால் வியாபாரம், இல்லாவிட்டால் கைவிலங்கு. எனக்கு ரசீது தந்து, வாசலைத் திறந்துபிடித்து, திரும்பவும் வாங்கோ என்று சொன்னார்கள். உனக்குப் பொலிஸ் பிடித்த அந்த ஒரு மணித்தியாலத்தில் விமானம் திருத்துகிற படிப்பு முழுதும் போனது, விமான நிலைய பாஸ் தரமாட்டோம் என்றார்கள். நீ சின்ன வயதில் மில்லிக்கனில் இருந்த பழைய வீட்டுப் பின்வளவில் நின்று சத்தத்தைக் கேட்டே என்ன பிளேன் என்று சொல்லுவாய். துஷாந்த் இப்போது அந்தப் பிளேனில் கியூபாவுக்குப் போய் வருகிறான். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

பெவர்லியை உனக்கு ஞாபகம் இருக்கும், ஜமேக்காக்காரி, பச்சை வாழைக்காயும் உப்பு மீனும் வாங்க வந்து என்னோடு விலை பேசியே அரை நாளைக் கழிப்பாளே. அவளுடைய மகன் ஆன்ட்ரேயையும் இதே கஞ்சாவுக்குத்தான் பிடித்தார்கள், உன்னைப் போல் ஒரு முறை அல்ல, திரும்பத் திரும்பப் பிடித்து, பிணைக்கு ஆள் இல்லாமல் உள்ளே கிடந்து, வேலை போய், கல்யாணமும் குழம்பி, இப்போது அம்மாவின் வீட்டு நிலவறையில் இருக்கிறான். அவள் என்னை ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டாள். கஞ்சாவில் வருகிற வரியில் ஒரு பங்கை, முன்பு அதே கஞ்சாவால் கெட்டுப்போன பிள்ளைகளுக்கும் அவர்கள் இருந்த இடங்களுக்கும் ஒதுக்கவேண்டும் என்று கேட்கிற ஆட்கள். பழைய குற்றப் பதிவுகளைத் துடைக்க வக்கீல் செலவு, தொழில் படிக்க உதவி, கடை போட விரும்பினால் கடன், இப்படி. அமெரிக்காவில் சில இடங்களில் செய்கிறார்களாம், இங்கே இன்னும் கேள்வியாகத்தான் இருக்கிறது.

வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு மண்டபத்தில் கூட்டம். பெவர்லி எழும்பினாள், என்னுடைய மகன் ஆன்ட்ரே என்று பெயர் சொல்லித் தொடங்கினாள். அவள் பேசப்பேசப் பக்கத்தில் இருந்த பெண்கள் ஓம் ஓம் என்கிறார்கள், ஒருத்தி அவளுடைய முதுகைத் தடவுகிறாள், முடித்தபோது மண்டபம் முழுக்க எழும்பி நின்றது. உண்மையைச் சொல்லுகிறேன், துஷாந்தின் கடையைப் பார்த்துப் பட்ட பொறாமை எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஒரு தாய் தன் பிள்ளைக்கு நடந்ததைப் பெயரோடு சொல்லலாம், சனம் பக்கத்தில் வந்து நிற்கும் என்பதை நான் இவ்வளவு காலத்தில் கண்டதே இல்லை. எங்கள் ஆட்களுக்கும் உன் கதை தெரியும், கடைக்கு வந்து விதுர்சன் எப்பிடி என்று கேட்டுவிட்டு என் முகத்தைத்தான் பார்ப்பார்கள், பதிலைக் கேட்கமாட்டார்கள்.

ஒரு அரசியல்வாதியின் ஒப்பீஸில் இருந்து கோட் போட்ட பெடியன் ஒருவன் வந்திருந்தான். வரிக் காசு எல்லாம் ஒரே பெட்டிக்குள் போகிறது, ஆஸ்பத்திரிக்கும் ரோட்டுக்கும் அதிலிருந்துதான் எடுக்கிறார்கள், இதை மட்டும் பிரிக்க முடியாது என்று மரியாதையாகத்தான் சொன்னான். எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பிப் போய்ப் பையைத் திறந்து அந்த மூன்றரைக் கிராமையும் ரசீதையும் அவன் முன்னால் வைத்தேன். கடையில் பழகின என் இங்கிலிசில்தான் சொன்னேன். தம்பி, நான் கடைக்காரி. எனக்கு வந்த அரிசியில் வண்டு இருந்தால் கம்பனிக்காரன் அடுத்த பில்லில் கழிக்கிறான். அவனுடைய காசும் ஒரே பெட்டிக்குள்தான் இருக்கிறது, பிரிக்க முடியாது என்று அவனும் சொல்லலாம், சொன்னால் பிறகு அவனிடம் ஒருவரும் அரிசி எடுக்கமாட்டார்கள். இந்தச் சாமானை விற்றால் உங்களுக்கு வரி, இதே சாமான் என்ர மகனின் சட்டைப் பையில் இருந்ததற்கு அவனுக்கு விலங்கு. நான் பிச்சை கேட்கவில்லை, பழுதாக்கினதைக் கழித்துத் தா என்கிறேன். பெவர்லி சிரித்துக்கொண்டே, இவ என்னிடம் ஒரு வாழைக்காயில் ஐந்து சதம் குறைக்கமாட்டா, உங்களை விடுவாவா என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெடியனும் சிரித்துவிட்டு, பேனையை எடுத்து, உங்களுடைய மகனின் பெயர் என்ன என்று கேட்டான்.

நான் உன் பெயரைச் சொல்லவில்லை மனே. நீ பெட்டி தூக்கிக்கொண்டு போன நாளில் என் கையைப் பிடித்து, இந்தக் கதையில் உன் பெயரை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று வாக்கு வாங்கினாய். பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்து என் கதிரையில் இருந்துவிட்டேன். அந்தக் கதிரையில் இருந்து பெவர்லியைப் பார்த்தேன். அவளுடைய மகனுக்கு முதலில் கொடுத்துவிடுவார்களோ, உனக்குப் பங்கு குறையுமோ என்றுகூட ஒரு எரிச்சல் வந்தது, மறைக்கவில்லை. பிறகு நினைத்தேன், ஆன்ட்ரே பட்டது பெரிது, அவனுக்கு முதலில் கொடுப்பதுதான் நியாயமான வியாபாரம். ஆனால் வரிசையில் நிற்காதவனுக்கு இரண்டாவதும் கிடைக்காது.

உன் குற்றப் பதிவை மறைக்க விண்ணப்பம் போடு என்று நானும் அக்காவும் எத்தனை தரம் சொன்னோம். காசுகூடக் கட்டத் தேவையில்லை. நீ, மன்னிப்பு எண்டு அதுக்குப் பேர் அம்மா, நான் ஏன் அவங்களிட்டை மன்னிப்புக் கேக்கவேணும் என்கிறாய். அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது, ஆனால் கோபத்தைக் கையில் வைத்துக்கொண்டு யெலோநைஃபில் சுரங்க லொறியைத் திருத்திக்கொண்டு அதன் அடியில் படுத்திருந்து என்ன லாபம்? உன்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. உன் பங்கைக் கேள். அந்தக் கோபத்தோடேயே கேள். பங்குனி கடைசியில் அதே ஆட்கள் அரசாங்கத்தின் பெரிய இடத்தில் பேசப்போகிறார்கள், என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். துஷாந்தும், கடைக்காரனாகத் தானும் வந்து சொல்லுவேன் என்கிறான், குலசிங்கம் அண்ணைக்குத் தெரியாமல். என் கை ராசி என்றால் எல்லாருக்கும் நம்பிக்கை, என் சொந்தப் பிள்ளைக்கு மட்டும் அந்தக் கை ஒரு முதல் வியாபாரமும் செய்யவில்லை. அங்கே உன் பெயரைச் சொல்லி ஒருதரம் செய்ய விடு.

தலைக்கு எண்ணெய் வை, ஒற்றைக் கையுறையோடு வேலை செய்யாதே, வெள்ளிக்கிழமை ஒரு விளக்காவது கொளுத்து. பிள்ளையார் உன் கைகாலுக்குப் பலமும் நெஞ்சுக்கு ஆறுதலும் தந்து, உன் மனம் கேட்கிற வேலையில் உன்னைக் கொண்டுபோய் விடட்டும். அப்பா தன்னுடைய அன்பையும் சொல்லச் சொன்னார், தொப்பியைப் போட்டுப் படம் அனுப்பச் சொன்னார்.

மறக்காதே, பங்குனி பிறப்பதற்குள் போன் எடு. வேறு ஒன்றும் சொல்லத் தேவையில்லை, ஓம் என்று மட்டும் சொல், பிறகு சிக்னல் இல்லை என்று வைத்துவிடு. அந்தப் பையைப் பார்சலில் தேடாதே, அது என் கல்லாவில் ராசிக்கு வைத்த மஞ்சள்கிழங்குத் துண்டோடு இருக்கிறது, முத்திரைக்குப் பக்கத்தில் ஒரு பெயர் எழுத இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்
அம்மா
கந்தப்போடி கோணேஸ்வரி