பொத்தேரி ஏரியில் எட்டுப் பூநாரைகள்

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை பெருங்களத்தூரில் ஒரு பழைய இரும்புக் கடை வாசலில் மஞ்சள் நிறக் காயின் பாக்ஸ் போன் ஒன்று கிடந்தது. ரிசீவர் இல்லை, ஒயர் மட்டும் தொங்கியது. ஒரு ரூபாய் போடும் அந்தச் சின்னப் பிளவைப் பார்த்ததும் உங்கள் குரல் கேட்டது. "ம்மா, எழுதிக்கோ. சீக்கிரம். மூணு நிமிசந்தான்."

நாம் சந்தித்தது ரயிலில். நான் தாம்பரத்தில் ஏறுவேன், நீங்கள் பெருங்களத்தூரில். இருவருக்கும் இறங்குமிடம் மறைமலை நகர். எனக்கு ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவு, உங்களுக்கு அதே தெருவில் இன்னொரு தொழிற்சாலையின் கேன்டீன். ஒருநாள் பெண்கள் பெட்டியில் பறவைப் படப் புத்தகத்தைப் பிரித்துவைத்து, ஏரியில் நின்ற ஒன்றை நீர்க்காகம் என்று குறித்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்த நீங்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "அது இல்ல. இது பாம்புத்தாரா. கழுத்த பாரு" என்றீர்கள். வாசிக்கத் தெரியாது என்று பிறகு சொன்னீர்கள். படங்களை மட்டும் ஒவ்வொன்றாகத் திருப்பி, எதை எந்த ஏரியில் பார்த்தீர்கள் என்று காட்டாங்கொளத்தூர் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தீர்கள்.

அப்போது குரோம்பேட்டையில் ஒரு வங்கி அதிகாரி தன் வீட்டுக் கணினியில் எங்களுக்காக ஒரு 'போர்டு' நடத்திவந்தார். பறவை பார்ப்பவர்கள் பதினைந்து பேர் இருப்போம். அவரவர் வீட்டுக் கணினியிலிருந்து அவர் வீட்டுத் தொலைபேசிக்கு இணைப்புப் போட்டு, பார்த்ததை எழுதிவைத்து, மற்றவர்கள் எழுதியதைப் படிப்போம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழைய முடியும். மற்றவர்களுக்கு எங்கேஜ்டு ஒலி. யாரும் யாருடைய முகத்தையும் பார்த்ததில்லை. நீங்கள் சொன்னதையெல்லாம் அதில் நான் எழுத ஆரம்பித்தேன். தலைப்பு, 'ரயில் அக்கா'. தமிழைத்தான் ஆங்கில எழுத்தில் தட்டுவேன். நாமக்கோழிகள் தண்ணீரில் ஓடி எழும்புவதை நீங்கள் "ஆபீசுக்கு லேட்டான மாதிரி" என்றீர்கள். அதை அப்படியே போட்டேன். அடுத்த வாரம் ஏழு பேர் ரயில் அக்காவை நலம் விசாரித்திருந்தார்கள்.

ஒரு வருடத்தில் எனக்குக் கிண்டிக்கு மாற்றல் வந்தது. அதன்பின் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷன் பக்கத்துப் பெட்டிக்கடையின் காயின் பாக்ஸிலிருந்து என் வீட்டுக்குக் கூப்பிடுவீர்கள். நான் பேனாவோடு காத்திருப்பேன்.

ஒரு தை மாதம் நீங்கள் கூப்பிட்டபோது குரலில் மூச்சு வாங்கியது. பொத்தேரி ஏரியில் எட்டுப் பறவைகள், குச்சி குச்சியாகக் கால், றெக்கையில் ரோஸ் நிறம், மூக்கு கீழே வளைந்து. பூநாரை. எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. நங்கநல்லூரிலிருந்து எழுதும் ஓய்வுபெற்ற பொறியாளர், அந்த ஏரிக்குப் பூநாரை வர வழியே இல்லை என்றும், ஓடுகிற ரயிலிலிருந்து பார்த்ததைப் போர்டின் பறவைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்றும் எழுதினார். இன்னும் மூன்று பேர் ஆமோதித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. 'தகவல் தந்தவர் தவறாகப் பார்த்திருக்கலாம்' என்று நானே ஒரு வரி சேர்த்தேன்.

அடுத்த ஞாயிறு கேட்டீர்கள். உள்ளதைச் சொன்னேன்.

"அவங்கள வுடு. நீ நம்புறியாம்மா?"

நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். மூன்று நிமிடம் முடிகிறது என்று போனில் 'பீப்' கேட்டது. நீங்கள் இன்னொரு ரூபாய் போடவில்லை. இணைப்பு அறுந்தது.

நாலு ஞாயிறு போன் வரவில்லை. ஐந்தாவது வாரம் விடுப்புப் போட்டுப் பொத்தேரி ஏரிக்கரையில் காலையிலிருந்து நின்றேன். நத்தைக்குத்தி நாரைகள் இருந்தன, எருமைகள் இருந்தன. பூநாரை இல்லை. அன்றே போர்டில் எழுதினேன்: நான் போனேன், பார்க்கவில்லை. அக்கா பார்த்தார். எட்டு. என் பழைய வரியை எடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை உங்கள் ரயிலில் ஏறி, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டீர்கள். பிறகு, "ஒரு மாசம் கழிச்சி போனா எப்டி இருக்கும்? அது இன்னா கோயில் செலயா, அங்கியே நின்னுகினு கீறதுக்கு?" என்று சிரித்தீர்கள். டிபன் டப்பாவைத் திறந்து பாதி இட்லியை என்னிடம் தந்தீர்கள். அந்த ஞாயிறு பத்து மணிக்கு போன் அடித்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம்தான். மஞ்சள்காமாலை என்றார்கள், பத்தே நாள். இரண்டு ஞாயிறு போன் வராததால் ரயிலுக்கு வந்தேன். பெட்டியில் இருந்த பெண்கள் சொன்னார்கள். அன்று மாலை போர்டில், காரியம் என்றைக்கு என்பதையும் சேர்த்து, நாலு வரி எழுதினேன். மறுநாள் முழுக்க ஒருவர் மாற்றி ஒருவர் உங்களுக்காக எழுதியதில் குரோம்பேட்டை நம்பர் எங்கேஜ்டாகவே இருந்தது. அவர்களுக்கு வழிவிட்டு, வங்கி அதிகாரி வீட்டில் யாரையும் போனைத் தொடவிடவில்லையாம்.

காரியத்தன்று பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்தில் ஒன்பது பேர் இறங்கி, யார் யார் என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கோவளத்திலிருந்துகூட ஒருவர் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். உங்கள் வீட்டுக்காரர் கொத்தனார் என்று தெரியும், அன்றுதான் பார்த்தேன். இவ்வளவு பேர் எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. அக்காவோட கூட்டாளிங்க என்றேன்.

"கம்ப்யூட்டர்ல எனக்கு ஆளுங்க கீறாங்கன்னு சொல்லும்," என்றார். "நான் சும்மா சொல்துன்னு நெனச்சிகினு இருந்தேன்."

நங்கநல்லூர்க்காரர் முன்னால் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அவங்க சொன்னத நான் நம்பல சார். அது என் தப்பு."

உங்களைப் பற்றி எழுதிய எல்லாவற்றையும் காகிதத்தில் அச்சடித்து எடுத்துப்போயிருந்தேன். பன்னிரண்டாவது படிக்கும் உங்கள் மகள் வாங்கிப் பார்த்தாள். ஆங்கில எழுத்தில் இருந்த தமிழை முதலில் தடுமாறி, பிறகு சரளமாக, அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள். நாமக்கோழி ஆபீசுக்கு ஓடிய இடத்தில் அவர் சிரித்துவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இப்போது போர்டு இல்லை. செல்போனில் ஒரு குழு இருக்கிறது, முந்நூறு பேர், பட்டியல் எழுதுவது நான். யார் எதைச் சொன்னாலும் 'போட்டோ எங்கே' என்று கேட்கிறார்கள். போன மாதம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டுவேலை செய்யும் பெண் குரல் பதிவு அனுப்பினார். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தண்ணீர்த் தொட்டிமேல் பெரிய கழுகுகள் உட்கார்ந்திருந்தனவாம். போட்டோ இல்லை. குழுவில் சிரிப்புப் படங்கள் வரத் தொடங்கின. நான் அவரைக் கூப்பிட்டு, நிறம் என்ன, வால் எப்படி, எந்தப் பக்கம் பறந்தன என்று கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்.

"மொத்தம் எத்தனை?" என்றேன்.

"மூணு."

மூன்று என்று எழுதினேன், அக்கா.