தமிழில் கூப்பிட்ட குரல்

மார்கழி 9, புதன்

கண் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவுக்கு நான்தான் புத்தகம் வாசிக்கிறேன். புத்தகத் திருவிழாவில் அவர் ஆசையாக வாங்கியது. அப்பாவைப் போல் இந்திய ராணுவத்தில் இலங்கைக்குப் போன ஓர் அதிகாரி எழுதியது. இன்று, தமிழ்க் கிராமத்தில் வீடு வீடாகச் சோதனை போட்ட பக்கம். “மக்கள் தாமாகவே கதவைத் திறந்தார்கள்” என்று வாசித்தேன்.

“இல்லத்தா” என்றார் அப்பா. “எங்க செட்டுல தமிழ் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். என்னையத்தான் முன்னால நின்னு கூப்பிடச் சொல்லுவாங்க. நம்மாளு கொரலுன்னு நம்பித் தொறந்தாங்க.”

திறந்த பிறகு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. பயந்துபோய் அடுத்த வரியை வாசித்தேன். அந்தப் பக்கம் முடிந்ததும், “போதும், போய்ப் படு ஆத்தா” என்றார்.

இத்தனை வருஷத்தில் அந்தச் சண்டையைப் பற்றி இன்றுதான் பேசினார். அவர் அறையில் இன்னும் விளக்கு எரிகிறது. இப்போது போய்க் கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.