இடப்பக்கம் சாய்ந்த மூட்டை

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.
12.12.2007

அன்புள்ள மகன் பிரேம்குமாருக்கு அம்மா எழுதுவது. இங்கே என் இடுப்பைத் தவிர எல்லோரும் சௌக்கியம். அந்தக் குளிரில் நீயும் துர்காவும் அபிக்குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்க மணக்குள விநாயகரை வேண்டிக்கொள்கிறேன். ஞாயிறுதோறும் ஃபோனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டால் அப்பா என் தோளுக்குப் பின்னாலேயே வந்து நிற்கிறார், அவரைப் பற்றி அவர் எதிரிலேயே எப்படிப் பேசுவது. அதனால் இதைத் துர்காவிடம் காட்டு, ஆனால் ஃபோனில் மூச்சு விடாதே.

பொங்கல் கழித்து உன் புல்லட்டை எடுத்துக்கொண்டு அப்பா கிளம்பப்போவது உனக்குத் தெரியும். காரைக்கால், நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோரமாகவே கன்னியாகுமரி வரை இறங்கி, அங்கிருந்து கேரளாக் கரையோடு ஏறி மாஹேயில் போய் நிற்பாராம். திரும்பும்போது கோழிக்கோட்டில் வண்டியை ரயிலில் போட்டுவிடுவாராம். சாமி காலண்டர் பக்கத்தில் மேப்பை ஒட்டிவைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி காலையும் மாலையும் அதன் எதிரிலேயே நிற்கிறார். அவரோடு கரண்டு ஆபீசில் லைன்மேனாக இருந்த பக்கிரி தினமும் சாயங்காலம் வந்துவிடுகிறார், இரண்டு பேரும் மேப்பில் விரலை வைத்துச் சண்டை போடுகிறார்கள். டீ போட்டே என் கை ஓய்ந்துபோனது.

நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவை மாஹேக்கு மாற்றினார்களே, நினைவிருக்கிறதா. லீவு விட்டதும் எல்லோரையும் கூட்டிப்போகிறேன் என்பார். ஒரு வருஷம் உனக்கு அம்மை போட்டது, மறு வருஷம் வீட்டுக் கூரை மாற்றினோம், அதற்குள் மாற்றல் முடிந்து அவரே வந்துவிட்டார். ஆறு கடலில் கலக்கிற இடம், அங்கே உட்கார ஒரு கல்சுவர், எதிரே வரிசையாகத் தென்னை என்று அவர் சொல்லிச் சொல்லி, பார்க்காத ஊரில் எனக்கு வழி தெரியும். அதனால் இந்தப் பயணப் பேச்சு வந்ததும் என்னைக் கூப்பிடுவார் என்றுதான் இருந்தேன். கூப்பிடவில்லை, பக்கிரியைத்தான் கூட்டிப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நீயும் போன மாதம் ஃபோனில், அம்மா இடுப்புக்கு ஆகாதுப்பா, வூட்லயே இருக்கட்டும் என்றாய். அவர் ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேசுவார் என்பது உனக்கு மறந்துவிட்டது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது ராஜா, மறைப்பானேன். அப்பாவும் பிள்ளையும் கூடி என் காலத்தை வாசற்படிக்குள்ளேயே முடித்துவிட்டீர்களே என்று அன்று சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு டீ கிளாஸைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். அந்த மனுஷனுக்கு அதுவும் காதில் விழவில்லை.

இதற்கு நடுவில் ஒரு கூத்து. தினம் விடிந்ததும் அரிசி மூட்டையைப் பின்சீட்டில் வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு, அரியாங்குப்பம் பாலம் தாண்டிப் போய்விட்டு வருவார். கேட்டால் லக்கேஜ் வைத்து ஓட்டிப் பழகுகிறேன் என்பார். அந்த மூட்டையையாவது நேராகக் கட்டுகிறாரா என்றால் இல்லை, இடப்பக்கமாகவே சரிந்து தொங்கும். தெருவே பார்த்துச் சிரித்தது. ஒருநாள் தேங்காய்த்திட்டுப் பக்கம் மணலில் திருப்பும்போது விழுந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, கிழிந்த மூட்டையோடு வந்தார். நல்லா வேணும் என்று சொல்லிக்கொண்டே மருந்து போட்டேன். அந்த அரிசியில் மண் பொறுக்கியே என் கண் பூத்துப்போனது. மறுநாள் பார்த்தால் ஒன்றுக்கு இரண்டு மூட்டை!

பொறுக்க முடியாமல் உன் சிநேகிதன் தமிழ்மாறன் ஒர்க்‌ஷாப்புக்கே போய், இரண்டு கிழவர்களுக்கு இவ்வளவு மூட்டை முடிச்சு எதற்குடா என்று கேட்டேன். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். பக்கிரி பெரியப்பா எங்க வர்றாரும்மா, அவருக்கு ரெண்டு சக்கரம்னாலே பயம், வழி சொல்றதோட சரி என்றான். லக்கேஜை எவனாச்சும் ஒரு பக்கமா கட்டுவானா, பொடவை கட்டுனவங்க ஒரு பக்கமாத்தான ஒக்காருவாங்க, அது நீங்கதாம்மா என்றான். முதுகு சாய ஒரு கம்பியும் மெத்தென்று ஒரு சீட்டும் வேண்டும் என்று அப்பா சொல்லி வைத்திருக்கிறாராம். மூட்ட உழுந்தா அரிசிதான் கொட்டும், அவள உழவுடக் கூடாதுடா, கை பழகுனப்புறம் கேக்குறேன், அதுக்கும் பிரேமு ஒத்துக்கணும் என்றாராம். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. அந்தப் பையன் எதிரில் அழ வெட்கப்பட்டு, பெட்ரோல் நெடி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது விஷயம் உன் கையில் இருக்கிறது. வாசலில் அவர் சத்தம் போட்டாலும் உள்ளுக்குள் நீ சொல்வதுதான் அவருக்குச் சட்டம். நீ வேண்டாம் என்றால் என்னிடம் வாயே திறக்க மாட்டார், தனியாகப் போய்வருவார், எனக்கு மறுபடியும் வாயால் மாஹேயைக் காட்டுவார். டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டேன். பெல்ட் போட்டுக்கொண்டு, அடிக்கடி இறங்கி நடந்து, சாயங்காலத்தோடு எங்காவது தங்கிவிட்டால் போய்வரலாம் என்றார். எனவே இடுப்பைச் சொல்லி மறுக்காதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிறு கூப்பிடும்போது, அம்மாவயும் கூட்டிட்டுப் போங்கப்பா என்று ஒரு வார்த்தை, நீயாகச் சொல்வது போலச் சொல்.

பனியில் வண்டி ஓட்டுகிறாய், மெதுவாகப் போ. அபிக்குக் காதை மூடித் தொப்பி போடு, ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த பாலை அப்படியே கொடுக்காதே. துர்கா கேட்ட கருவடாம் காயவைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். மூன்று பேரும் நூறு வயது நன்றாக இருங்கள்.

ஒன்று மறந்துவிடாதே. மூட்டை சமாசாரம் எனக்குத் தெரியும் என்று அப்பாவிடம் சொல்லிவிடாதே. அவர் வாயால் என்னைக் கூப்பிட வேண்டும், அதை நான் கேட்க வேண்டும். தையல்காரம்மா வேம்புவிடம் ஒரு சுடிதார் தைத்து வாங்கி, பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறேன். இந்த வயதில் முதல் சுடிதார், நீ சிரித்துக்கொள். அவர் கூப்பிடுகிற அன்று அதைப் போட்டுக்கொண்டு வந்து, இரண்டு பக்கமும் கால் போட்டு நேராக உட்காரப்போகிறேன். பாவம், இத்தனை நாளும் சாய்த்துக் கட்டியே பழகிவிட்டார்.

இப்படிக்கு,
உன் ஞாயிற்றுக்கிழமை வார்த்தைக்குக் காத்திருக்கும் அம்மா,
க. கொளஞ்சி