நடுத்தட்டில் மடித்த சுங்குடி

அன்பு மகள் இளவேனிலுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகம். நாங்கள் என்று கை தானாக எழுதிவிட்டது, அம்மா இறந்து வருடம் திரும்பியும் பழக்கம் போகவில்லை, அடிக்காமல் விடுகிறேன். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், அதனால்தான் கடிதம்.

சுவர் அலமாரி வேலை ஒருவழியாக முடிந்தது. தேக்கில் புதிதாகச் செய்ய நம்மால் ஆகாது என்று சிமெண்ட் தட்டுகளையும் சட்டத்தையும் அப்படியே விட்டு, செல்லரித்த கதவுகளுக்குப் பதில் பி.வி.சி கதவு போடச் சொன்னேன். தச்சர் பிராங்க்ளின் தட்டுகளுக்கு வெள்ளை அடித்து, நம் ஊரில் செய்கிற பூட்டையே வைத்து, சாவியை என்னிடம் கொடுத்தார். ஒரே சாவி, என் இடுப்பில்தான் இருக்கிறது. உள்ளே கிடந்த பழந்துணிகளை மூட்டை கட்டி அவரிடமே கொடுத்துவிட்டேன். அதில் அம்மாவின் ஊதாச் சுங்குடியும் போய்விட்டது. உனக்குத் தொட்டில் கட்டிய சேலை அது, உன் முதல் கரு தங்காமல் போனபோது "வேளை வரும்போது நானே எடுத்துத் தாரேன், நீங்க கைய வைக்காதீங்க" என்று அடித்தட்டில் ஒளித்து வைத்தாளே, அதேதான். நான் ஒரு மடையன், கவனிக்கவில்லை.

மறுநாள் காலை பூட்டைத் திறந்தால் நடுத்தட்டில் அந்தச் சேலை இருக்கிறது. அம்மாவின் மடிப்பு, முந்தி உள்ளே போக நான்காக. நடுவே பூச்சி வராமலிருக்க அவள் வைக்கிற வேப்பிலைக் கொத்து, வாடக்கூட இல்லை. நம் வாசல் வேம்பைத்தான் சாக்கடைக்காக எப்போதோ வெட்டிவிட்டார்களே. பிராங்க்ளினைக் கூப்பிட்டுக் கேட்டால் "மூட்டை கட்டுனபடியே இங்கனதான் கெடக்கு அய்யா" என்றார். நேரில் வந்து பார்த்தவர் சிலுவை போட்டுக்கொண்டு கிளம்பியதுதான், கைப்பிடி மாட்ட இன்னும் வரவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் பயத்தைவிட அழுகைதான் அதிகம் வந்தது.

அம்மாடி, ஏதும் விசேஷமா? மூன்று மாதம் முடியட்டும் என்று வைத்திருந்தால் இப்போது சொல்ல வேண்டாம். போன தடவை மாதிரி ஆகிவிடுமோ என்று தனியாகக் கிடந்து மருகாதே. பாரம் தூக்காதே, பனியில் நடக்கும்போது மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொள். அம்மா எடுத்து வைத்துவிட்டாள், இந்தத் தடவை தங்கும்.

நீங்கள் நிறைவாக வாழ என் ஆசீர்வாதம். மறக்காமல் ஒன்று செய், டாக்டரிடம் ஸ்கேனை இன்னொரு முறை நன்றாகப் பார்க்கச் சொல். இன்று காலை திறந்தபோது சுங்குடிக்குப் பக்கத்தில், அதே மூட்டையில் போன அம்மாவின் பச்சை நூல்சேலையும் மடித்து இருக்கிறது. ஒரு தொட்டிலுக்கு ஒரு சேலை போதுமே, தாயி.

இப்படிக்கு,
உன் அப்பா பேச்சிமுத்து